நாலாவது கோடு

அலை வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது உள்ளங்காலுக்குக் கீழே மணல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுமே, நின்ற இடத்திலிருந்தே யாரோ நம்மைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு கூச்சம் உண்டாகுமே, சின்ன வயசு என்றால் எனக்கு முதலில் வருவது அதுதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்: ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வரும் புகையின் காந்தல், கருவாடு காயும் வாசனை, இரண்டுக்கும் நடுவில் என் அண்ணன் தேசிங்கு மூச்சு விடாமல் 'சடுகுடு சடுகுடு சடுகுடு' என்று பாடிக்கொண்டு போகிற குரல். அந்தக் குரலைக் கேட்டால் மீன் கழுவிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடக் கையை உதறிவிட்டு எழுந்து வந்து நிற்பார்கள்.

திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூருக்குப் போகிற வழியில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது எங்கள் குப்பம். இன்றைக்கு டி.வி.யில் கலர் கலராய் விளக்குப் போட்டு, பஞ்சு மாதிரி விரிப்பில், நேரம் ஓடும் பலகையைப் பார்த்துக்கொண்டு ஆடுகிற கபடியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் பார்த்த ஆட்டத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் ஒன்றுதான். இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் ஒரு கோடு. ஒருத்தன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அப்போது நேரம் பார்க்க யாரும் கடிகாரம் வைத்திருக்கவில்லை. மூச்சுதான் கடிகாரம். அதை நாங்கள் 'தம்' என்போம். தம் இருக்கிறவரைக்கும் எதிராளியின் இடத்தில் உலாத்தலாம், தம் விட்டால் போச்சு. கடலில் மூழ்கிக் கல்லில் சிக்கிய வலையை எடுத்துப் பழகிய ஆட்களுக்குத் தம்முக்கா பஞ்சம்!

எங்கள் குப்பத்து ஆட்டத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது வேறெந்த ஊரிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டக் களத்துக்கு நான்கு பக்கமும் கோடு வேண்டும் அல்லவா, நாங்கள் மூன்று பக்கம்தான் போடுவோம். ஈரக் கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து மணலில் அழுத்தி எடுத்தால் வடக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு, மேற்கே ரோட்டுப் பக்கமாக ஒரு கோடு விழும். கிழக்கே கோடு போடுவதே இல்லை. அங்கே கடல் இருந்தது. அலை எதுவரைக்கும் வந்து நிற்கிறதோ அதுதான் கோடு.

தண்ணீர் காலைத் தொட்டால் 'அவுட்'. தொடாதவரைக்கும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அலை ஏறி வந்தால் களம் சுருங்கும், எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அலை உள்வாங்கினால் களம் பளபளவென்று ஒரு பாய் அகலத்துக்கு விரியும், அந்த நேரத்தில் அந்த ஈர மணலில் இறங்கி ஓடினால் மூலையில் நிற்கிறவனைச் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கமாக வந்துவிடலாம். ஆனால் அடுத்த அலை வருவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கட்டுமரத்தைத் தள்ளுகிறபோது எந்த அலையை விட வேண்டும், எந்த அலைக்குப் பின்னால் கடல் சற்று ஓய்ந்து வழி விடும் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறவர்கள்தானே. பார்ப்பது என்றுகூடச் சொல்ல முடியாது, காதிலேயே தெரிந்துவிடும். அலை உள்வாங்குகிறபோது 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் இறங்கலாம்.

இதற்கெல்லாம் நடுவர் ஏழுமலை மாமா. ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், முழங்கால் போனபிறகு கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு ஆட்டத்திலும் தகராறு வரும். "காலு மின்னாடி வந்துச்சா, தண்ணி மின்னாடி வந்துச்சா, கரீட்டா சொல்லு மாமு!" என்று இரண்டு பக்கமும் அவர் மேல் பாய்வார்கள். அவர் பீடியை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டு நிதானமாக எழுந்து வந்து, ஆடினவனின் காலைத் தடவிப் பார்ப்பார். கால் ஈரமாகத்தான் இருக்கும், ஈர மணலில் ஓடினவன் கால் வேறெப்படி இருக்கும்! ஆனாலும் தடவிப் பார்த்துவிட்டு, "இது மண்ணு ஈரம்டா, தண்ணி ஈரம் இல்ல. ஆட்டத்த ஆடு" என்பார். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்தான். சும்மா அடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

தேசிங்கு அண்ணன் ஆடுவதைப் பார்க்க ஒற்றியூர் மார்க்கெட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒல்லியான உடம்பு, நீளமான கால். எதிர்ப்பக்கம் போனதும் அவசரமே பட மாட்டான். தம் நிறைய வைத்திருந்ததால் காத்திருக்க அவனால் முடியும். 'சடுகுடு சடுகுடு' என்று முணுமுணுத்துக்கொண்டு உடம்பை இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு, கண் முழுக்க எதிராளிகள் மேல். கடல் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டான். 'உஸ்ஸ்ஸ்' என்று அலை உள்வாங்கும், அண்ணன் காணாமல் போய்விடுவான். மூலையில் நின்றவன் திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகில் ஒரு தட்டு விழும், அடுத்த அலை வருவதற்குள் அவன் நடுக்கோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். "சோக்கா பூட்டான்டா!" என்று குப்பமே கூவும். 'அவன் எங்கண்ணன்' என்று தெரியாத ஆட்களிடம்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். பெண்பிள்ளைகளை ஆட விடமாட்டார்கள் என்பதில் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அந்தக் கோபத்தையெல்லாம் அண்ணனுக்காகக் கத்துவதில் தீர்த்துக்கொள்வேன்.

அலையை இப்படிக் காதாலேயே அறிந்த என் அண்ணன் அதுவரைக்கும் கடலுக்குப் போனதே இல்லை. அதுதான் எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் நைனா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. காற்றடித்த ஒரு நாளில் போனார், கட்டுமரம் துண்டு துண்டாகத் தெற்கே ஒதுங்கியது, அவர் துடுப்பு மட்டும் எங்கள் குப்பத்துக் கரையிலேயே வந்து ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. அம்மா அந்தத் துடுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கூரையின் குறுக்குக் கழியில் வைத்து நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு மேல் முடிச்சு. "அந்தக் கடலுக்கு ஒருத்தன குட்த்தது போதும். எம் புள்ள இந்தத் துடுப்ப தொடக்கூடாது" என்று குப்பத்துப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். மீன்காரி, கூடை தூக்கித் தெருத் தெருவாகப் போகிறவள், கடலிலிருந்து வருவதை விற்றுத்தான் எங்களுக்குச் சோறு போட்டாள். ஆனால் பிள்ளையை அதில் இறக்க மாட்டேன் என்பதில் இம்மியும் அசையவில்லை.

அண்ணன் ஐஸ் பாக்டரியில் கட்டி உடைத்தான், லாரியில் மூட்டை ஏற்றினான், எது கிடைத்ததோ அது. நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. அவன் வயசுப் பையன்கள் எல்லாரும் கடல் தொழிலுக்குப் போய் மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பும்போது இவன் மட்டும் கரையில் நிற்பான். "இன்னாடா தேசிங்கு, ஒங்கம்மா முந்தானய வுட்டுட்டு எப்ப மரம் ஏறப் போற?" என்று கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். சாயங்காலம் ஆட்டத்தில் அவர்களையே ஒவ்வொருவராகத் தட்டி வெளியே அனுப்பும்போதும் அதே சிரிப்புத்தான்.

ஒருநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். கம்பெனிக்கு என்று ஒரு சடுகுடு டீம் இருந்தது, அதில் ஆடுகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே வேலை. அந்த டீமைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், எல்லாரும் 'ஸ்போர்ட்ஸ் சார்' என்றார்கள். வெள்ளை பூட்ஸில் மணல் ஏறாமலிருக்க மேட்டிலேயே நின்றுகொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "டீம்ல ஒரு இடம் காலியா இருக்குப்பா. உன்னையும் வியாசர்பாடிப் பையன் ஒருத்தனையும் பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு டீமும் எங்க கிரவுண்டுல வந்து மோதுங்க. ஜெயிக்கிற பக்கத்து ஆளை எடுத்துக்கிறோம்" என்று சொன்னார்.

கம்பெனி வேலை! யூனிபாரம், சங்கு ஊதினால் உள்ளே போய்ச் சங்கு ஊதினால் வெளியே வருகிற வேலை, மழை வந்தாலும் புயல் வந்தாலும் ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிற வேலை. அம்மா அன்றைக்கு மீன் விற்கவே போகவில்லை. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அம்மா அவ்வளவு நேரம் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஏழுமலை மாமாவுக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. "அங்க சுண்ணாம்புக் கோடுடா. நாலு பக்கமும் போட்டு வச்சிருப்பான். அது ஏறாது, எறங்காது, பொணம் மாரி கெடக்கும். நீ அலைக்குப் போற மாரி போவாத" என்று அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் அந்த நாட்களில் எங்கள் டீம் கரையில் ஆடவில்லை. ரோட்டோரம் மேட்டு மணலில், முதல்முறையாக நான்கு கோடும் போட்டு ஆடிப் பழகினார்கள். கிழக்குக் கோட்டை இழுத்துவிட்டு எல்லாரும் அதை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இன்னாடா இது, ஜெயில் மாரி கீது" என்றான் ஒருத்தன். ஆனால் அண்ணன் சீக்கிரமே பழகிவிட்டான். ஒருமுறைகூட அந்தக் கோட்டை மிதிக்கவில்லை. மாமாவே கடைசியில் காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, "பூந்து வெளாடிடுவான்" என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தன்று குப்பமே ரோட்டைத் தாண்டிப் போயிற்று. கம்பெனி கேட்டுக்குள் நாங்கள் யாரும் அதுவரை நுழைந்ததில்லை. மைதானம் பின்பக்கம், கொதிகலன் இருந்த கொட்டகைக்கு அடுத்தாற்போல இருந்தது. செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து அடித்து வைத்திருந்தார்கள். நான்கு பக்கமும் வெள்ளை வெளேரென்று கோடு. அம்மா கூடையை வீட்டில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன் இத்தனை வருஷமாக ஆடுகிறான், அவள் நின்று ஓர் ஆட்டம் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில் அவளுக்குத் தெருவில் வியாபாரம் இருக்கும். அதனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இன்னாடி ஆச்சி? அவன் ஏன் வெளிய போறான்? நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் பெரிய மனுஷி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன்.

வியாசர்பாடி டீம் சும்மா சொல்லக்கூடாது, நன்றாக ஆடினார்கள். அவர்களுடைய அந்தப் பையன் குள்ளமாக, உருட்டிவைத்த மாதிரி இருப்பான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு போவான். நாங்கள் ஒன்று எடுத்தால் அவர்கள் ஒன்று எடுத்தார்கள். அண்ணன் தன் வழக்கமான நிதானத்தில் ஆடினான். கிழக்குக் கோடு வரைக்கும் போவான், கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துவான், திரும்புவான். ஏழுமலை மாமா ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து பிறகு விடுவார். இப்படியே போய், கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. கடைசிப் பாட்டு எங்களுடையது. ஒரே ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால் போதும், அவுட் ஆனால் ஆட்டம் அவர்களுக்கு.

அண்ணன் நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனான்.

அவர்களுக்குத் தெரியும், இவனுக்குத் தம் அதிகம் என்று. அதனால் யாரும் பாயவில்லை, பின்வாங்கிப் பின்வாங்கி நின்றார்கள். அண்ணனும் காத்திருந்தான். மைதானத்தில் ஒரு சத்தமில்லை, 'சடுகுடு சடுகுடு' என்ற அந்த ஒரு குரல் மட்டும். இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு. கிழக்கு மூலையில் அந்தக் குள்ளப் பையன் நின்றான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் யாரோ கொதிகலனின் நீராவியைத் திறந்துவிட்டார்கள். தினம் அந்த வேளைக்குத் திறப்பதுதானாம், எங்களுக்கு எப்படித் தெரியும்?

'உஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நீளமாக, இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

அண்ணன் காணாமல் போனான். எங்கள் கரையில் எத்தனையோ தடவை பார்த்த அதே பாய்ச்சல், அதே வளைவு. குள்ளப் பையனைக் கிழக்கே சுற்றிக்கொண்டு முதுகில் தட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு வந்து நின்றான். அப்படி ஓர் ஆட்டத்தை அவன் வாழ்நாளில் ஆடியதில்லை. குப்பத்து ஜனம் அத்தனையும் "சோக்கா பூட்டான்டா!" என்று எகிறிக் குதித்தது. விசில் என்ன, துண்டைத் தூக்கி வீசுவதென்ன! நானும் குதித்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "தொட்டுட்டு வந்துட்டான் இல்லடி? எம் புள்ள தொட்டுட்டு வந்துட்டான் இல்ல?" என்று கேட்டாள். ஆமாம்மா, தொட்டுட்டு வந்துட்டான் என்றேன் நான்.

கம்பெனி நடுவர் ஊதிய விசில் எங்கள் காதில் விழக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நடுவர் கிழக்குக் கோட்டருகே போய் நின்று தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், செம்மண் புழுதியில், அண்ணனுடைய கால் தடம் ஒன்று அழகாகப் பதிந்திருந்தது. ஒரே ஓர் அடி.

எங்கள் ஆட்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அலைக்குத் தகராறு பண்ணலாம், சுண்ணாம்புக்கு என்ன பண்ணுவது. ஏழுமலை மாமா மட்டும் மெதுவாகப் போய், அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்த மண். எழுந்து வந்துவிட்டார். அம்மா இன்னமும் புரியாமல், "இன்னாடி, ஏன்டி எல்லாம் கம்முனு ஆயிட்டாங்க? அதான் தொட்டுட்டான் இல்ல?" என்று என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவளாக நான் ஆகிப் போனேன். கோட்டைத் தாண்டிவிட்டான் அம்மா என்றேன். "எந்தக் கோட்ட?" என்றாள்.

ஸ்போர்ட்ஸ் சார் நல்ல மனுஷர். அண்ணன் தோளில் கை வைத்து, "அருமையா ஆடுனப்பா. ஆனா சொன்னது சொன்னதுதான்" என்றார். வியாசர்பாடிப் பையனுக்கு வேலை கிடைத்தது. அவனை நான் வெகுநாள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பிற்பாடு தெரிந்தது, அவனும் அப்பன் இல்லாத பிள்ளைதான், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு.

அதற்குப் பிறகு ஐஸ் பாக்டரியில் வேலை இல்லை என்று அண்ணனைத் திருப்பி அனுப்பினார்கள். லாரி வேலையும் நின்றது. நான் வயசுக்கு வருகிற காலம், அம்மாவுக்கோ கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து திரும்பவில்லை. ஒரு காலையில் நான் எழுந்தபோது அம்மா மணைமேல் ஏறி நின்றுகொண்டு கூரைக் கழியில் கட்டியிருந்த துடுப்பின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட முடிச்சு, அவளாலேயே அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள், நகத்தால் நெம்பினாள். கத்தி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும் துடுப்பை இறக்கி, முந்தானையால் தூசி துடைத்து, அவன் மடியில் வைத்தாள். "பாத்துப் போய்ட்டு வாடா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை என்பதால் நானும் அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் கடலில் சாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தொழில் செய்தான், நல்ல தொழில்காரன் என்று பேர் எடுத்தான். ஆனால் அத்தனை வருஷமும் அவன் மரம் கரை ஏறுகிறவரைக்கும் அம்மா ஒரு வாய் சோறு தின்றதில்லை. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய ஆட்டக் களத்தின் ஓரத்தில், கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூரத்தில் அவன் தலை தெரிந்ததும் எதுவுமே நடக்காதது மாதிரி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "கெளம்புடி, நேரமாச்சி" என்பாள். அம்மாவை எது தின்றது என்று என்னைக் கேட்டால், கடல் தின்றது என்றுதான் சொல்வேன். கரையில் உட்காரவைத்தே தின்றது.

அண்ணன் அதற்குப் பிறகு சடுகுடு ஆடவே இல்லை. கூப்பிட்டார்கள், "ஒடம்பு வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த நாலாவது கோடு வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் என்றைக்குக் கல் கொட்டினார்களோ அன்றைக்கே இந்தப் பக்கத்து மணலுக்குக் கேடு வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் களத்தை மேற்கே கொஞ்சம் நகர்த்திப் போட்டார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஏழுமலை மாமா உட்காருகிற கட்டுமரத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மேலே இழுத்துப் போட வேண்டியிருந்தது. "இன்னாடா இது, போன அலை திரும்பிப் போவ மாட்டேங்குது" என்று அவர் ஒருநாள் சொன்னார். கடைசியில் மேற்குக் கோடு வீட்டு வாசலை முட்டியது, அதற்குமேல் நகர்த்த இடமில்லை. ஆட்டம் நின்றது. பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் வீட்டின் முன்சுவர் ஒரு ஐப்பசியில் விழுந்தது, கூரைக் கழியும் அதோடு போயிற்று.

லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கரை நெடுகக் கொட்டினார்கள். எங்களுக்கு எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரியும், கடல் தெரியாது. அம்மா அங்கேதான் கண்ணை மூடினாள். கடைசி நாட்களில் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவன் வந்துட்டானாடி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துட்டான்மா, இதோ உன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்பேன். நம்பினாளோ இல்லையோ.

நான் கல்யாணமாகி வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன், தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு அம்மாவையும் நைனாவையும் நினைத்துப் பூவும் வெற்றிலையும் கடலில் விட நானும் அண்ணனும் பழைய இடத்துக்குப் போவது வழக்கம். இந்த வருஷமும் போனேன். இப்போது மெட்ரோவிலேயே ஒற்றியூர் வந்து இறங்கிவிடலாம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். முடியெல்லாம் நரைத்து, முழங்கால் போய், ஏழுமலை மாமா மாதிரியே நடக்கிறான். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கை பிடித்துக்கொண்டு கல்மேல் கல்லாக இறங்கினோம். உள்ளங்காலுக்கு மணல் எங்கேயும் தட்டுப்படவில்லை. கல்லும், கல்லிடுக்கில் பிளாஸ்டிக்கும், செருப்பும், கலீஜும்தான். அலை வந்து கல்லில் அடித்துக்கொண்டு அப்படியே திரும்புகிறது. உள்வாங்க அதற்கு இடமும் இல்லை, அந்த 'உஸ்ஸ்ஸ்' சத்தமும் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதால் அந்தப் பக்கத்துச் சத்தமும் இல்லை.

பூவை விட்டோம். அது தண்ணீரில் கொஞ்ச தூரம் போய், திரும்பவும் கல்லுக்கே வந்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலுக்குள் கை காட்டினான். நங்கூரம் போட்டு ஒரு படகு நின்றிருந்த இடத்தைக் காட்டி, "அந்தா தெரீதே, அங்கதான் பாப்பா நம்ம நடுக்கோடு. நம்ம வூடு இதோ, இந்தக் கல்லுக்கு அடில" என்றான். நான் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது.

அப்போது ஓர் அலை பெரிதாக வந்து கல்லின் மேல் ஏறியது. நான் நனைந்து நின்றேன். அண்ணன் மட்டும், அந்த வயசில், அந்த முழங்காலோடு, சட்டென்று பின்னால் துள்ளிக் காலை எடுத்துக்கொண்டான். தண்ணீர் அவன் காலைத் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் உனக்கு அது போகலையா அண்ணா என்று கேட்டேன். அவனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசாதவன், கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"காதுல அலை வாங்கற சத்தம் கேட்டுச்சி பாப்பா. சத்தியமா கேட்டுச்சி. அதான் போனேன்." அலையைக் கையால் காட்டினான். "நான் ஒரே ஒரு அடி கோட்ட தாண்டுனேன். அதுக்கு விசிலு ஊதி வெளிய அனுப்புனாங்க, சரி. இது நம்ம கிரவுண்ட தாண்டி, நம்ம வூட்ட தாண்டி, அம்மா குந்திகினு இருந்த எடத்த தாண்டி வந்து நின்னுகினு கீது. இதுக்கு யாரு விசிலு ஊதறது?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்மேல் கல்லாக ரோட்டுக்கு ஏறினோம்.